இடைவேளைக்குப் பிறகு

தியேட்டரில் இடைவேளை விட்டதும் எழுந்து வெளியே போகிறீர்கள். பாப்கார்ன் வரிசை, காபி வரிசை, கழிப்பறை வரிசை, நடுவில் ஒரு போன். திரும்பி வரும்போது பத்து நிமிஷம் லேட். படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இருட்டில் தட்டுத்தடுமாறி உங்கள் வரிசைக்குப் போகிறீர்கள். பக்கத்து சீட்காரர் காலை மடக்கி வழிவிடுகிறார்.

‘இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீங்க? நடுவுல வந்தா கதை புரியுமா உங்களுக்கு?’ என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் சீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடுவதும் இல்லை.

வாழ்க்கையில் இடைவேளை விட்டவர்களுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. கல்யாணம், பிரசவம், கணவருக்கு டிரான்ஸ்ஃபர், மாமனாருக்குப் பக்கவாதம்... ஏதோ ஒரு காரணத்துக்காக வேலையை விட்டுவிட்டு, நாலைந்து வருடம் கழித்துத் திரும்ப நினைக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். இருட்டில் அவள் சீட்டைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது. சீட் இருக்காது.

இந்த விஷயத்தைப் பற்றி நம் சினிமா பேசியிருக்கிறதா? ‘ஏன் பேசாமல்? ஜோதிகா படம் இருக்கே!’ என்பீர்கள். உங்கள் வீட்டிலும் இதே பதில்தான் வரும். ‘36 வயதினிலே’. 2015-ல் வந்த படம். இன்றைக்கும், வேலைக்குத் திரும்ப நினைக்கிற பெண்ணுக்குத் தோழிகள் சொல்கிற முதல் மருந்து, “அந்தப் படத்தைப் பாருடி, தைரியம் வரும்!”

படத்தை மறுபடி ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். தைரியம் வருகிறது, உண்மைதான். ஆனால், இந்த முறை ஒரு விஷயம் உறுத்தியது.

கதாநாயகி வசந்தி வேலையை விட்டவளே இல்லை!

ஞாபகப்படுத்திப் பாருங்கள். வசந்தி, வருவாய்த் துறையில் குமாஸ்தா. தினமும் ஆபீஸ் போகிறாள், வருகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், சம்பளம் வாங்குகிறாள். கணவரோடும் மகளோடும் அயர்லாந்து போக ஆசைப்பட்டு அங்கே ஒரு வேலைக்கு முயற்சி செய்யும்போது, 36 வயது என்பது தடையாக வந்து நிற்கிறது. ஜனாதிபதியைச் சந்திக்கும் வாய்ப்பு வந்து, அவர் முன்னால் மயங்கி விழுகிறாள். ஊரே சிரிக்கிறது. கணவரும் மகளும் கிளம்பிப் போய்விடுகிறார்கள். பிறகு கல்லூரித் தோழி வந்து, ‘நீ எப்படி இருந்தவள்!’ என்று ஞாபகப்படுத்த, மொட்டைமாடிக் காய்கறித் தோட்டம் வழியாக வசந்தி எழுந்து நிற்கிறாள். கடைசியில் அதே ஜனாதிபதி முன்னால் தலை நிமிர்ந்து பேசுகிறாள்.

நல்ல கதை. ஆனால் இதில் இடைவெளி எங்கே? ராஜினாமா எங்கே? திரும்பப் போவது எங்கே?

இடைவெளி விட்டது வசந்தி அல்ல, ஜோதிகா. 2006-ல் கல்யாணம், 2007-ல் ‘மொழி’ வெளியானது. அதன்பிறகு தமிழில் 8 வருடம் ஜோதிகா இல்லை. படம் வெளியானபோது அவருக்கும் வயது 36. இதன் மலையாள மூலம் 2014-ல் வந்தது. அதில் நடித்த மஞ்சு வாரியருக்கும் அது மறுவருகைதான். 1999-க்குப் பிறகு அவர் நடித்த முதல் படம். இரண்டையும் இயக்கியவர் ரோஷன் ஆண்ட்ரூஸ். நாம் கைதட்டியது பாதி வசந்திக்கு, பாதி ஜோதிகாவுக்கு. எந்தக் கைதட்டல் யாருக்கு என்று நமக்கே தெரியாமல் கலந்துவிட்டது. ‘வேலைக்குத் திரும்பிய பெண்ணின் கதை’ என்று அந்தப் படம் நம் மனதில் பதிந்ததற்கு அதுதான் காரணம். திரைக்கு வெளியே இருந்த கதையைத் திரைக்குள் பார்த்ததாக நினைத்துக்கொண்டோம்.

சரி, அதனால் என்ன? யார் திரும்பினால் என்ன, திரும்பியது நல்ல விஷயம்தானே? நிச்சயமாக. ஜோதிகா அதோடு நிற்கவில்லை. ‘நாச்சியார்’ படத்தில் போலீஸ், ‘ராட்சசி’யில் தலைமை ஆசிரியை, மலையாளத்தில் ‘காதல்’ என்று தொடர்ந்து நடித்தார். கல்யாணமான நடிகைக்கு அக்கா, அண்ணி வேஷம்தான் என்று இருந்த கோடம்பாக்கத்தில் இது சின்ன சாதனை இல்லை.

ஆனால், அதே 2015-ஆம் வருடம் இன்னொருவரும் ஜெயித்தார். அரவிந்த்சாமி. ‘ரோஜா’, ‘பம்பாய்’ என்று நடித்துவிட்டு, சினிமாவை விட்டு விலகி, பல வருடம் வியாபாரத்தில் இருந்தவர். 2013-ல் ‘கடல்’ மூலமாகத் திரும்பி, 2015 ஆகஸ்டில் ‘தனி ஒருவன்’ வில்லனாகக் கலக்கினார். இப்போது கவனியுங்கள். ‘தனி ஒருவன்’ என்ன கதை? வீட்டிலிருந்து வேலைக்குத் திரும்பும் ஆணின் கதையா? ‘45 வயதினிலே’ என்று யாராவது தலைப்பு வைத்தார்களா? இல்லை. ‘ஏன் இத்தனை வருஷம் நடிக்கவில்லை?’ என்பதற்குப் படத்துக்குள்ளே அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார், நடித்தார், முடிந்தது.

திரும்பி வரும் ஆணுக்கு ஒரு வேஷம் கொடுத்தால் போதும். திரும்பி வரும் பெண்ணுக்கோ, ‘நான் ஏன் போனேன், எப்படித் திரும்பினேன், எனக்கு இன்னும் தகுதி இருக்கிறது’ என்று இரண்டரை மணி நேரம் விளக்கம் தேவைப்படுகிறது. இதே இருவரும் 2018-ல் ‘செக்கச்சிவந்த வானம்’ படத்தில் கணவன் மனைவியாக நடித்தார்கள் என்பது தற்செயல்தான். இருந்தாலும், இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள் நுழைந்த வாசல் வேறு வேறு.

நாம் நித்தம் பார்க்கிற இன்டர்வியூவும் இதுதான். ஆணின் பயோடேட்டாவில் இரண்டு வருடம் விடுபட்டிருந்தால், ‘சொந்தமா ஏதோ டிரை பண்ணினார் போலிருக்கு’ என்று தாண்டிப் போய்விடுவார்கள். பெண்ணின் பயோடேட்டாவில் இருந்தால், அங்கேயே பேனா நின்றுவிடும்.

திரும்பி வரும் பெண்களைப் பற்றிய மற்ற படங்களையும் பார்த்துவிடுவோம். 2012-ல் ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’. பெரிய திரையில் 15 வருட இடைவெளிக்குப் பிறகு ஸ்ரீதேவி. கௌரி ஷிண்டே எழுதி இயக்கிய அருமையான படம். ஆங்கிலம் தெரியாததால் பெற்ற மகளிடமே அவமானப்படுகிற சசி, நியூயார்க்கில் நான்கு வார வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் கற்கிறாள். லட்டு செய்து விற்கிற தன்னை, ‘தொழில்முனைவோர்’ என்று வகுப்பில் சொன்னதும் அவள் முகத்தில் வருகிற அந்தச் சந்தோஷம் இருக்கிறதே... ஸ்ரீதேவியைத் தவிர யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலுக்கு என்ன ஆயிற்று? மாதம் எத்தனை கிலோ லட்டு, என்ன லாபம், ஊர் திரும்பியதும் கடை வைத்தாளா? படம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் ஆங்கிலத்தில் அவள் பேசுகிற பேச்சோடு அவளுக்குரியது கிடைத்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. கணவர் கண்ணில் குற்ற உணர்ச்சி, மகள் கண்ணில் கண்ணீர். கணக்கு முடிந்தது.

நான் பி.காம். படித்தவன். என் கணக்கு முடியவில்லை.

இந்தப் படங்களிலெல்லாம் பிரச்னை ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குத் தன்னம்பிக்கை போய்விட்டது. தீர்வும் ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குள்ளே ஒரு திறமை ஒளிந்திருக்கிறது, யாராவது தட்டி எழுப்ப வேண்டும். தட்டியதும் அவள் எழுந்து, மைக் முன்னால் நிற்பாள், கூட்டம் கைதட்டும். வசந்திக்கு ஜனாதிபதி, சசிக்குக் கல்யாண மண்டபம்.

நிஜத்தில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒருவர். பெயர் வேண்டாம். எம்.காம். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. 2011-ல் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். அப்போது சம்பளம் 20,000 ரூபாய். 2019-ல் திரும்ப முயற்சி செய்தார். தன்னம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வாயைத் திறந்தால் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளரே பின்வாசல் வழியாக ஓடிவிடுவார்.

இன்டர்வியூவில் முதல் கேள்வி: “எட்டு வருஷ கேப் இருக்கே மேடம்?”

இரண்டாவது கேள்வி: “ஜி.எஸ்.டி. தெரியுமா?”

அவர் வேலையை விட்டபோது இருந்தவை ‘வாட்’ வரியும் சேவை வரியும். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1. “கத்துக்குவேன் சார்” என்றார். உதட்டைப் பிதுக்கினார்கள். இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். 2017 ஜூன் மாதம் அந்த ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எந்த ஆணுக்குத்தான் ஜி.எஸ்.டி. போட்ட அனுபவம் இருந்தது? எல்லோருமே கத்துக்குட்டிகள். ஆனால் அவர்கள் உள்ளே இருந்தார்கள். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, தப்பும் தவறுமாகப் போட்டு, ஆடிட்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார்கள். வெளியே இருந்தவரோ கற்றுக்கொண்டு வந்துதான் கதவைத் தட்ட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: “கடைசியா வாங்கின சம்பளம் எவ்வளவு?”

சொன்னார். 18,000 தருகிறோம் என்றார்கள். ‘கேப்’ இருக்கிறதல்லவா!

கொஞ்சம் பேப்பர், பேனா எடுங்கள். விலைவாசி வருடத்துக்கு 6 சதவிகிதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2011-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய அதே அரிசி, பருப்பு, பஸ் டிக்கெட், ஸ்கூல் ஃபீஸை 8 வருடம் கழித்து வாங்க ஏறக்குறைய 31,900 ரூபாய் வேண்டும். அவருக்குக் கிடைத்த 18,000 என்பது பழைய சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ‘ரெண்டாயிரம்தானே குறைச்சல்!’ என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். கணக்குப் படித்தவரிடமே அந்தக் கணக்கு! அதிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவது என்ன? “இதுக்கு வீட்டிலேயே இருக்கலாமே!” என்று மாமியார் சொல்வார். அவர் சொல்வதில் கணக்குப் பிழை கிடையாது. ஆனால், ஆயா சம்பளத்தை அம்மா சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறோம்? குழந்தை இருவருக்கும்தானே? இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழித்துப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

அக்கவுன்டன்சியில் தேய்மானம் என்று ஒரு பாடம். இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. வீட்டில் இருந்த பெண்ணை நம் கம்பெனிகள் இயந்திரக் கணக்கில் எழுதுகின்றன. சும்மா கிடந்தது, துருப்பிடித்திருக்கும் என்று. சும்மாவா கிடந்தாள்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இதுகூட வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான். கையே வைக்காத மகராசன்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்!

வேலைக்குத் திரும்புகிற பெண்ணின் எதிரி இந்த 289 நிமிடம்தான். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவள் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் இந்த ஐந்து மணி நேர வேலை எங்கே போகும்? ஆவியாகிவிடுமா? யாராவது செய்தாக வேண்டும். ‘உன்னால் முடியும் பெண்ணே’ என்று எவ்வளவு உரக்கப் பாடினாலும் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்று ‘36 வயதினிலே’ சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு வரவில்லை. மகளைக் கணவரோடு அயர்லாந்துக்கு அனுப்பிய பிறகுதானே வசந்தியின் எழுச்சியே ஆரம்பிக்கிறது! வீடு காலியானதும் நேரம் கிடைத்துவிட்டது. எத்தனை பேருக்கு அயர்லாந்து கிடைக்கும்?

இந்த இடத்தில் ‘காற்றின் மொழி’யைப் பாராட்ட வேண்டும். 2018-ல் ராதாமோகன் இயக்கத்தில், இதுவும் ஜோதிகாதான். வித்யா பாலன் நடித்த இந்திப் படத்தின் தமிழ் வடிவம். பன்னிரண்டாம் வகுப்பு தேறாத இல்லத்தரசி விஜி, எஃப்.எம். ரேடியோவில் இரவு நிகழ்ச்சி நடத்தப் போகிறாள். கறாராகப் பார்த்தால் இதுவும் திரும்பும் கதை இல்லை, முதல் வேலையின் கதை. ஆனால் ஒரு விஷயத்தை இந்தப் படம் நேருக்கு நேர் பார்க்கிறது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரச்னை வந்ததும், குடும்பமே கூடி உட்கார்ந்து விசாரணை நடத்துகிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது அம்மாவின் வேலை. அப்பாவுக்கும் வேலை இருக்கிறது, அவரும் வீட்டில் இல்லை என்பது அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. நல்ல கணவர்தான், பிரியமானவர்தான். அவருக்கும் தோன்றவில்லை. இது நம் வீட்டு ஹாலில் நடந்த விசாரணை மாதிரியே இருந்தது என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் விஜியும் ஒரு அபூர்வக் குரல்காரி. சாதாரணப் பெண்ணுக்கு இங்கேயும் சீட் இல்லை.

சாதாரணப் பெண்ணை வைத்துப் படம் எடுக்கவே முடியாதா? 1963-லேயே எடுத்திருக்கிறார்கள். சத்யஜித் ராயின் ‘மகாநகர்’. கல்கத்தா நடுத்தர வர்க்கக் குடும்பம். கணவர் சம்பளம் பத்தாமல் மருமகள் ஆரதி வேலைக்குப் போகிறாள். என்ன வேலை? வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கிற வேலை. அவளுக்குப் பாடத் தெரியாது, தோட்டம் போடத் தெரியாது. முதல் சம்பளம் வாங்கியதும் அந்தப் புது நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாளே, அந்த ஒரு காட்சி போதும். பிறகு கணவரே ‘வேலையை விட்டுவிடு’ என்கிறார். ராஜினாமாக் கடிதத்தோடு அவள் ஆபீஸ் போன நேரத்தில் கணவர் வேலை பார்க்கும் வங்கி மூழ்குகிறது. ‘விட்டுவிடாதே’ என்று போன் வருகிறது. போ என்றாலும் வீட்டுத் தேவை, விடு என்றாலும் வீட்டுத் தேவை, விடாதே என்றாலும் வீட்டுத் தேவை. அவள் தேவை என்ன என்று கேட்க ஆளில்லை. 60 வருடத்துக்கு முந்தைய படம். இதில் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் சொன்ன மற்ற மூன்று படங்களிலும் நம் மனதில் நிற்பது கைதட்டல்தான்.

வசந்தியிடம் திரும்பி வருவோம். அவள் கையில் ஒரு புதையல் இருந்தது, படம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டைமாடித் தோட்டத்தைச் சொல்லவில்லை. அவளுடைய அரசு வேலையைச் சொல்கிறேன். போய்விட்டுத் திரும்பி வரலாம், நாற்காலி அங்கேயே இருக்கும் என்று எழுத்தில் உத்தரவாதம் உள்ள வேலை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் என்று 2008-ல் கொண்டுவந்தார்கள். தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான பிரசவ விடுப்பை 2021-ல் 12 மாதமாக்கியது. 2024-ல் இன்னொரு நல்ல அறிவிப்பு: பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண் போலீஸாருக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கிற மாவட்டத்திலேயே மூன்று வருடம் பணி. இதை யோசித்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாலு மணி ஆள் யார் என்ற கேள்விக்கு, தாத்தா பாட்டி இருக்கும் ஊருக்கே போஸ்டிங் என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.

தனியாரில்? 2017-ல் சட்டத்தைத் திருத்தி, பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ள ஊழியர் என்றால் அந்த 26 வாரச் சம்பளம் முழுக்க முதலாளி தலையில். எந்த முதலாளியாவது வெளிப்படையாக முணுமுணுப்பாரா? மாட்டார். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, புதிதாகக் கல்யாணமான பெண்ணின் விண்ணப்பத்தை அடியில் செருகிவிடுவார். அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படி இல்லை. இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்காகவே டாடா குழுமம் 2008-ல் ஒரு தனித் திட்டம் ஆரம்பித்தது. பிறகு வேறு பல பெரிய நிறுவனங்களும் தொடங்கின. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நம் அண்ணா நகர், காந்திபுரம், தில்லை நகர் தெருக்களில் பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸும் ஸ்கேன் சென்டரும் டிராவல்ஸும்தான் சாதாரணப் பெண் கதவைத் தட்டுகிற இடங்கள். அங்கே திட்டமும் கிடையாது, காப்பகமும் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் நியாய புத்தி மட்டும்தான் உண்டு.

இந்த விஷயத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். சுருக்கமாக அவர் சொல்வது இது: ஒரே படிப்பு, ஒரே வேலை என்று ஒன்றாகக் கிளம்பும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே, முதல் குழந்தைக்குப் பிறகு சம்பளம் விலக ஆரம்பிக்கிறது. எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடிவருகிற ஆளுக்கே அதிகம் கொடுக்கிற மாதிரி வேலைகள் அமைந்திருப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். வீட்டில் ஒருவர் அப்படி ஓட வேண்டுமானால் இன்னொருவர் ஓடாமல் நின்றாக வேண்டும். நிற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் பெண்ணின் தன்னம்பிக்கை எங்கே வந்தது?

‘என்ன சார் நீங்க, சினிமாகிட்ட போய் சட்டம், சம்பளம், பணவீக்கம் எல்லாம் கேக்கறீங்க? ரெண்டு மணி நேரம் நம்பிக்கை கொடுத்தா போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்பிக்கை வேண்டும். ‘36 வயதினிலே’ பார்த்துவிட்டு, தூசி தட்டிச் சான்றிதழ்களை வெளியே எடுத்த பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தப் படத்துக்கு அதற்காக ஒரு நமஸ்காரம்.

ஆனால் வெறும் நம்பிக்கை கொடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘உனக்குள் இருக்கும் திறமையைக் கண்டுபிடி, உலகம் உன் காலடியில்’ என்று படம் சொல்கிறது. அவள் நம்புகிறாள். திங்கட்கிழமை இன்டர்வியூ போகிறாள். நாலு இடத்தில் இல்லை என்கிறார்கள். அப்போது அவள் என்ன நினைப்பாள்? ‘சம்பளக் கணக்கு தப்பு, கேள்வி தப்பு, சட்டம் பத்தவில்லை’ என்றா நினைப்பாள்? ‘எல்லோராலும் முடிகிறது, என்னால் முடியவில்லை. எனக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை போலிருக்கிறது’ என்றுதான் நினைப்பாள். ஜனாதிபதியைச் சந்திக்கிற அளவுக்கு உயர்ந்தால்தான் ஒரு பெண் திரும்பி வந்ததற்கு அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, 18,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதப் போகிறவளை நாமே சின்னதாக்கிவிடுகிறோம். திரும்பி வர அபூர்வப் பிறவியாக இருக்க வேண்டியதில்லை. போவதற்கு முன்னால் அவள் அபூர்வப் பிறவியாகவா இருந்தாள்? ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியும் அதையே பார்க்க ஆசைப்படுகிறாள்.

யாராவது இயக்குநர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு கதை இலவசம். கதாநாயகிக்குப் பாட வராது, பேச வராது, லட்டு பிடித்தால் உதிரும். கணக்கு மட்டும் ஒழுங்காக வரும். 38 வயது. இடைவேளைக்கு முன் பதினோரு இன்டர்வியூ. பன்னிரண்டாவதில் வேலை கிடைக்கிறது, குறைந்த சம்பளத்தில். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன் மேனேஜர். இடைவேளைக்குப் பிறகு அவள் ஜி.எஸ்.டி. படிக்கிறாள், குக்கர் விசிலுக்கு நடுவில். மேனேஜரின் தப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள், சத்தம் போடாமல் திருத்துகிறாள். கிளைமாக்ஸில் மைக்கும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற நாள். குழந்தைக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம். கணவர் போனை எடுத்துத் தன் ஆபீஸுக்குச் சொல்கிறார்: “இன்னிக்கு லீவு சார். பையனுக்கு ஜுரம். இல்லை சார், அவங்களுக்கு இன்னிக்கு முக்கியமான வேலை இருக்கு. நான்தான் பார்த்துக்கணும்.”

அந்தக் காட்சிக்கு விசிலடிக்க நான் ரெடி.

படம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் உங்களால் முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. சின்னதாகவோ பெரிதாகவோ ஒரு ஆபீஸில் ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். நாளைக்கே உங்கள் மேஜைக்கு ஒரு பயோடேட்டா வரலாம். நடுவில் ஆறேழு வருடம் விடுபட்டிருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர், ‘அந்தக் கேள்வி’க்காக வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார். புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ விரல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவருக்கு வேலை தெரியுமா என்று பாருங்கள். தெரியாததைக் கற்றுக்கொடுக்க, உள்ளே இருந்தவர்களுக்குக் கொடுத்த அதே இரண்டு மாத அவகாசம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பழைய சம்பளத்தைக் கேட்காமல், இந்த நாற்காலிக்கு என்ன சம்பளமோ அதைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

“எப்ப வந்து சேர்றீங்க?”